முப்பத்தாறு புள்ளி ஏழு

தமயந்தியிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவள் புனிதவதி. குருவைவிடப் பதினான்கு வயது மூத்தவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை மேடம் என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

இருபத்தெட்டு வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள் புனிதவதி. இன்ஸ்டிட்யூட்டை மூடிப் பூட்டுப் போட்ட பிறகு, பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் வேர் பிடித்த பிறகு, வீட்டில் வெறுமனே உட்கார மனசில்லாமல் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதும் சி மொழி படிக்க வந்தாள். பத்து விரலும் பார்க்காமல் தட்டும். இப்போது கொஞ்ச நாளாக வலது கை மட்டும்தான் தட்டுகிறது. தமயந்தி அதை ஒருமுறை கவனித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மார்க்கெட் தெருவில் தையல் சாமான் கடைக்கு மேலே ஒரே அறை. அதுதான் பட்டறை, அதுதான் பள்ளிக்கூடம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் தொட்டில் உண்டு அல்லவா, அதற்கு மூளையாக இருக்கும் பெட்டியை அங்கே செய்தார்கள். குழந்தையின் வயிற்றில் ஒட்டிய ஒயரிலிருந்து சூட்டைப் படித்துத் திரையில் எண்ணாகக் காட்ட வேண்டும். உடம்பு குளிர்ந்தால் மேலே இருக்கும் ஹீட்டரைப் போட வேண்டும். சூடு எல்லை தாண்டினால் கூவ வேண்டும். இவ்வளவுதான் வேலை. அதற்கான ப்ரோக்ராமை எழுதியவள் புனிதவதி. அவள் கையால் எழுதி வெளியே போன முதல் ப்ரோக்ராம்.

மூன்று பெட்டி செய்திருந்தார்கள். இரண்டு மேஜைமேல் இருந்தன. ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அன்று காலை தமயந்தி வந்ததும் சொன்னாள்:

"அக்கா, அக்குள்ல வச்சிருக்கிற அந்த ஒயரைப் பெட்டியிலேர்ந்து கழட்டிட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க."

புனிதவதி கழற்றினாள். மாட்டினாள். திரையில் முப்பத்தாறு புள்ளி ஆறு என்று நின்றது.

"பாருங்க மேடம், அசையவே இல்ல" என்றாள். கொஞ்சம் பெருமைதான்.

"இப்ப ஒயர் நுனியை என் டீ டம்ளர்ல வைங்க."

வைத்தாள். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

முப்பத்தாறு புள்ளி ஆறு.

கூவ வேண்டிய பெட்டி கூவவில்லை. புனிதவதி திரையைத் தட்டிப் பார்த்தாள். ஒயரை இன்னும் ஆழமாக அமுக்கினாள். விரல் நுனி சுட்டது. எண் அப்படியே, கோயில் விளக்கு மாதிரி அமைதியாக நின்றது.

"மேடம்..."

"உங்க ப்ரோக்ராமை வாயால சொல்லுங்க."

"கடைசிப் பத்து அளவோட கூட்டுத்தொகையைக் கையில வச்சிருக்கேன். புதுசு வந்தா கூட்டுவேன். எல்லாத்துலயும் பழசைக் கழிப்பேன். பத்தால வகுப்பேன்."

"ஒயர் கழண்டா என்ன அளவு வரும்?"

புனிதவதி யோசித்தாள். "கணக்குல வகுக்குற இடத்துல சைபர் வந்துடும். சைபரால வகுத்த மாதிரி ஆயிடும்."

"சி என்ன செய்யும்?"

"நிக்காது. முடிவிலின்னு ஒரு மதிப்பைக் கொடுக்கும். இன்ஃபினிட்டி."

"அதைக் கூட்டினீங்க. பத்து அளவு கண் சிமிட்டுறதுக்குள்ள ஓடிடும், கூவக்கூட நேரமில்ல. அப்புறம் அதுதான் பழசு. அப்ப?"

"கழிப்பேன்."

"முடிவிலியில இருந்து முடிவிலியைக் கழிச்சா எவ்வளவு?"

"தெரியல மேடம்."

"யாருக்கும் தெரியாதுக்கா. சிக்கும் தெரியாது. அதனால அந்த இடத்துல நேன், அதாவது 'நாட் எ நம்பர்'னு ஒண்ணை வைக்கும். எண்கள் உட்கார்ற நாற்காலியில உட்கார்ந்திருக்கும். ஆனா எண் கிடையாது. இங்க ஒண்ணும் தெரியலங்கிறதுக்கு அது அடையாளம்."

"அடுத்த அளவு நல்லதா வந்தா சரியாயிடாதா?"

"அதோட எதைக் கூட்டினாலும் அதுவே ஆயிடும்."

ஒரு பானைப் பாலில் ஒரு கரண்டி உறைமோர் விழுந்தது புனிதவதியின் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு எவ்வளவு பால் ஊற்றினால் என்ன.

"சரி, கேள்வி கேளுங்க அதை" என்றாள் தமயந்தி. "முப்பத்தேழரையை விடப் பெரிசா?"

"இல்லைங்கும்."

"முப்பத்தாறரையை விடச் சின்னதா?"

"இல்லைங்கும்."

"கூவுறதுக்கும் ஹீட்டர் போடுறதுக்கும் வேற ஏதாவது கேக்குறீங்களா?"

"இல்ல."

"திரைக்கு?"

புனிதவதியின் குரல் இறங்கிவிட்டது. "முப்பதுக்கும் நாப்பத்திரண்டுக்கும் நடுவுல இருக்கான்னு கேப்பேன். ஆமான்னா காட்டுவேன். இல்லைன்னா... இல்லைன்னா முன்னால காட்டினதையே வச்சிருப்பேன்."

"ஏன் அப்படி?"

"எண் குதிச்சா, கோடு கோடா வந்தா, அம்மாமாருங்க பயந்துடுறாங்க மேடம். பச்சை உடம்புக்காரிங்க. பாவமா இருந்துச்சு."

தமயந்தி டம்ளரிலிருந்து ஒயரை எடுத்துத் துடைத்தாள்.

அப்போதுதான் புனிதவதி மேஜைமேல் இருக்கும் இரண்டு பெட்டியையும் பார்த்தாள். மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் அதன் அட்டைப்பெட்டி மட்டும் கிடந்தது.

"மேடம், அங்க ஒரு தடவை ஒயர் கழண்டிருந்தா..."

"ம்."

"திரும்ப ஒட்டியிருந்தாலும்..."

"ம். கரண்ட் போய் வந்தாத்தான் சரியாகும்."

புனிதவதி ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை ஒரு ஆயா எடுத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மெஷினா? இருங்க, இங்கேர்ந்தே தெரியுது... முப்பத்தாறு புள்ளி ஏழும்மா. நல்லா இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"காலையில நான் வந்ததுலேர்ந்து அதேதான். சமத்தா இருக்கு உங்க மெஷின். மத்ததெல்லாம் கத்தி உயிரை எடுக்குது."

தமயந்தி போனை வாங்கினாள். "ஆயாம்மா, அதை விடுங்க, குழந்தையைத் தொட்டு..."

எதிர்முனையில் யாரோ கூப்பிட்டார்கள். ஆயா போனை வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் எடுக்க ஆளில்லை.

இருவரும் மாடிப்படியில் இறங்கி ஓடினார்கள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "பிரசவ ஆஸ்பத்திரிக்கா? எத்தனாவது மாசம்மா?"

"எங்களைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்றாள் தமயந்தி. "வேகமாப் போங்க."

அவர் சிரித்துவிட்டு வேகமாகத்தான் போனார். இருந்தும் ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியதாயிற்று. கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியும் நிதானமாக, வழி கேட்டுக்கொண்டு போவதுபோலப் போயிற்று. முருகா, முருகா என்று புனிதவதியின் உதடு அசைந்தது. ஒன்றரைக் கிலோ இருக்குமா அந்தக் குழந்தை? அதுகூட இருக்காது. பெட்டியைப் பொருத்தப் போனபோது பார்த்தாள். தொடை அவளுடைய கட்டைவிரல் பருமன். ஹீட்டர் அணைந்த சமயத்தில் ஒயர் கழன்றிருந்தால் ஹீட்டர் அணைந்தபடியே இருக்கும். குளிரும். திரையில் முப்பத்தாறு புள்ளி ஏழு. எரிந்த சமயத்தில் கழன்றிருந்தால் எரிந்தபடியே இருக்கும். சுடும். அப்போதும் முப்பத்தாறு புள்ளி ஏழு.

போன் அடித்தது. மகன். துபாயில் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் பேசுவான்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன்பா."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல, ரோட்ல இருக்கேன். நல்லா இருக்கேன். நீ சாப்டியா?"

வைத்துவிட்டாள். இடது கை மரத்திருந்தது. வலது கையால் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு வாரமாக இப்படித்தான் வந்து வந்து போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகள் கவலைப்படும். அங்கிருந்துகொண்டு அவர்களால் என்ன செய்ய முடியும்.

கேட் திறந்தது.

"மேடம்" என்றாள். "அந்த நேனைப் பெரிசான்னு கேட்டா இல்லைங்குது. சின்னதான்னு கேட்டா இல்லைங்குது. நடுவுலயான்னு கேட்டாலும் இல்லைங்குது. எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்றதை எந்தக் கேள்வியைக் கேட்டு மேடம் பிடிக்கிறது?"

தமயந்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ப் பார்ப்போம்" என்றாள்.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சை அங்கி மாட்ட வேண்டும். புனிதவதிக்கு அங்கியின் நாடா கட்ட வரவில்லை. தமயந்தி கட்டிவிட்டாள்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு இளைஞன் நின்றிருந்தான். மழிக்காத முகம். கையில் பிரிக்காத இட்லிப் பொட்டலம்.

"மெஷின்காரம்மாதானே? அன்னைக்குப் பார்த்தேன்" என்றான். "என் பிள்ளைதான் உள்ள. தொட்டில் இங்கேர்ந்து தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். ராத்திரி பூரா கண்ணை மூடல. காலையிலேர்ந்து அந்த நம்பர் அசையாம நிக்கவும்தான் நிம்மதி. இப்பதான் சாப்பிடலாம்னு..."

புனிதவதி அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போனாள்.

மூலையில் அந்த வார்மர். திரை வாசலைப் பார்த்து இருந்தது. முப்பத்தாறு புள்ளி ஏழு, பச்சை எழுத்தில்.

தொட்டில் காலி.

விரிப்பு மடித்து வைத்திருந்தது. ஒயர் கம்பியில் தொங்கியது, நுனியில் பிளாஸ்திரியோடு. தொட்டிலில் ஒரு குழந்தையும் இல்லை. திரை மட்டும் குழந்தை நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

புனிதவதி தொட்டிலின் விளிம்பைப் பிடித்தாள்.

"குழந்தை..." என்றாள். "மேடம், குழந்தை எங்க?"

தமயந்தியின் முகமும் வெளுத்துவிட்டது.

"யாரது, வார்மரைத் தொடுறது?"

துணித் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். எஸ்தர் சிஸ்டர். வார்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சிஸ்டர், இந்தக் குழந்தை..."

"சத்தம் போடாம வாங்க. இப்பதான் தூங்குது."

திரைக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் ஒரு இளம் தாய். அவள் மார்பில், தோலோடு தோலாக, துணி சுற்றிய ஒரு சின்னப் பொதி. அதன் உச்சியில் கம்பளிக் குல்லாய். கீழே இரண்டு பாதம், வெண்டைக்காய் நீளம்கூட இல்லை.

புனிதவதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சும்மா உங்களுக்கு?" என்றாள் சிஸ்டர்.

"நல்லா இருக்கேன் சிஸ்டர். நல்லாத்தான்..."

தமயந்தி சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மழுப்பவில்லை. சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்படியா சங்கதி! ஏழு மணிக்குத் துடைச்சுவிடும்போது ஒயர் கழண்டுச்சு. நான்தான் ஒட்டினேன். ஒன்பது மணிக்கு வழக்கம்போலக் காலைத் தொட்டேன். ஜில்லுனு இருக்கு. திரையில முப்பத்தாறு ஏழு. அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சா முப்பத்தஞ்சு எட்டு. இன்னொரு மணி நேரம் விட்டிருந்தா என்னாகியிருக்குமோ. தூக்கி அம்மா மேல போட்டேன். இப்ப முப்பத்தாறரைக்கு வந்துட்டான்."

"மெஷின் தப்புன்னு அப்பவே தெரிஞ்சுதா சிஸ்டர்?" என்று கீழேயிருந்து கேட்டாள் புனிதவதி.

"மெஷினைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? கால் ஜில்லுனு இருந்துச்சு. அது தெரியும்."

சொல்லிக்கொண்டே சிஸ்டர் மறுபடி சூடு பார்க்கக் குனிந்தாள். குனிந்தவள் முதலில் குழந்தையின் கணுக்காலில் கட்டியிருந்த பட்டையைத் திருப்பிப் படித்தாள். பிறகு தாயின் மணிக்கட்டுப் பட்டையைப் படித்தாள்.

"பேரைச் சொல்லு."

"சிவகாமசுந்தரி" என்றாள் அந்தப் பெண். உடனே ஒரு சிரிப்பு. "காலையிலேர்ந்து பத்து தடவை கேட்டுட்டீங்க சிஸ்டர். உங்க கண்ணு முன்னாலதானே இருக்கோம்? எங்க ஓடிடப் போறோம்?"

"பதினோராவது தடவையும் கேப்பேன். இவன் இவன்தானான்னு தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம்."

தமயந்தி புனிதவதியைப் பார்த்தாள்.

"ஆட்டோவுல ஒரு கேள்வி கேட்டீங்களே அக்கா."

புனிதவதி தரையிலிருந்து மெல்ல எழுந்தாள். குழந்தையின் காலில் கிடந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அதுதானான்னு அதையே கேக்கணும்" என்றாள். "ஒவ்வொரு எண்ணும் தனக்குத் தான் சமம்னு சொல்லும். முடிவிலிகூடச் சொல்லும். இது மட்டும் அதுக்கும் இல்லைன்னுதான் சொல்லும்."

"சொல்லும்."

"நான் எல்லாத்தையும் கேட்டேன் மேடம். அதை மட்டும் கேக்கல."

தமயந்தி வார்மரின் சுவிட்சை அணைத்தாள். ஒன்பது நாள் எரிந்த பச்சை எழுத்து அணைந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற இளைஞன் பதறிக் கண்ணாடியைத் தட்டினான். சிஸ்டர் போய்க் கதவைத் திறந்து, ஒரு அங்கியை அவனிடம் நீட்டினாள்.

"அந்த நம்பரைப் பார்த்தது போதும். கையைக் கழுவிட்டு வந்து உன் மகன் காலைப் பிடிச்சுப் பாரு."

பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள். மத்தியானம் முழுக்கப் புனிதவதி ஒற்றைக் கையால் தட்டினாள். பத்து அளவின் கூட்டுத்தொகையைச் சுமந்துகொண்டே போகும் வரிகளை அழித்தாள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டும்படி எழுதினாள். எல்லாக் கேள்விக்கும் முன்னால் அந்த ஒரு கேள்வியை வைத்தாள்: நீ உனக்குச் சமமா? இல்லை என்றால் ஹீட்டரை நிறுத்து, பழைய எண்ணை அழி, கூவு. முடிவிலி வந்தாலும் அதையே செய். முன்னால் காட்டினதையே வைத்திரு என்று எழுதியிருந்த வரியை எடுக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. ஆசையாக எழுதிய வரி.

"கழட்டுங்க" என்றாள் தமயந்தி.

புனிதவதி ஒயரைக் கழற்றினாள்.

திரையில் மூன்று கோடு விழுந்தது. பெட்டி அலறியது. கீழே தையல் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாட்டினாள். அலறல் நின்றது. எண் வந்தது. டம்ளரில் வைத்தாள். மறுபடி அலறியது. மூன்று பெட்டியையும் பத்துப் பத்து முறை கழற்றி மாட்டினாள். ஒருமுறைகூட அது சும்மா இருக்கவில்லை.

கடைசியாக ஒருமுறை கழற்றிவிட்டு, அந்தக் கோடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அலறல் காதைத் துளைத்தது.

"மேடம்" என்றாள் சத்தத்துக்கு மேலே. "சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு பக்கத்துல படுத்திருக்கும்போது இது இப்படி அலறினா பயந்துட மாட்டாளா?"

"பயப்படட்டும் அக்கா" என்றாள் தமயந்தி. "பயந்தாத்தான் தொட்டுப் பார்ப்பா."

ஒயரை எடுத்து மாட்டினாள். அறை அமைதியாயிற்று. பிறகு அவள் கை நீண்டு, புனிதவதியின் மடியில் கிடந்த இடது கையைப் புறங்கையால் தொட்டது, சிஸ்டர் குழந்தையின் காலைத் தொட்டதுபோல.

"எத்தனை நாளா?"

நல்லா இருக்கேன் மேடம் என்று புனிதவதியின் வாய்வரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.